கழுவிய குழாய்

எங்கள் அக்காவை ஆய்வுக்கூடத்தில் 'உலைக்காரி' என்பார்கள். வேலை அப்படி. நீளமான கண்ணாடிக் குழாயை மின் உலைக்குள் வைத்து, துத்தநாக சல்பைடு பொடியை ஆவியாக்கி, சின்னத் தகட்டில் நானோ கம்பிகளை வளர்ப்பாள். தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தால் ஒரு கம்பி. புற ஊதா விளக்கைக் காட்டினால் தகடு பச்சையாக ஒளிரும். வேறு எந்தக் கூடத்திலும் அவ்வளவு பளிச்சென்று வரவில்லை. அதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு மாமாவைக் காக்க வைத்தவள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு உலையருகே வெந்தவள்.

பிரசவ விடுப்பு முடிந்து போனால், உலை பேராசிரியரின் மருமகனிடம் இருக்கிறது. அந்தப் பச்சையைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் அவள் பெயரே இல்லை. கேட்டதற்குப் பேராசிரியர் சிரித்தாராம்.

"எதுக்கும்மா கோவம்? பிள்ளையைப் பாத்துக்க. இனிமே அதுதான் உனக்குப் பெரிய ஆராய்ச்சி."

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அக்கா "சரி சார்" என்று உலைச் சாவியை மருமகனிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்று சொன்னாள்.

"குழாய் உள்ள ஒரே அழுக்கு. ஆசிட் ஊத்திக் கழுவிடுங்க."

வீட்டுக்கு வந்துதான் என்னிடம் விளக்கினாள். அந்தக் குழாயில் முன்பு யாரோ செம்பை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். அந்தப் படிவுதான் அழுக்கு. சூடேறும்போது அதிலிருந்து துளி செம்பு கிளம்பிக் கம்பிக்குள் போய் உட்காரும். பச்சை வருவதே அதனால்தான். விடுப்புக்குச் சற்று முன்பு கண்டுபிடித்திருக்கிறாள். திரும்பிப் போனதும் அந்தப் பேராசிரியரிடம் சொல்லிச் சந்தோஷப்படலாம் என்று வைத்திருந்தாளாம்!

"அது உன்னோட பச்சையும்தானேக்கா? போயிடுமே?"

"போகட்டும். என் பேர் இல்லாம அது அங்க எரிய வேண்டாம்."

மருமகன் சொந்தக் கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். உலைக்காரியின் வாடையே இருக்கக்கூடாதென்று மாமனார் பக்கத்திலேயே நின்றாராம். அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு வந்தது. அக்கா வளர்த்த பழைய தகட்டைக் காட்டினால் போதும் என்று இரண்டு பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். குழுவோ, எங்கள் கண்ணெதிரே புதிதாக ஒன்று வளர்த்துக் காட்டுங்கள் என்றது. வளர்த்தார்கள். அறையை இருட்டாக்கி விளக்கைக் காட்டினால், தகடு கரிக்கட்டை மாதிரி கிடக்கிறது. மறுபடி வளர்த்தார்கள். மறுபடியும் கரி.

அக்காவின் தோழி போனில் இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் பேராசிரியரே கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, பச்சையே வரலையே? குழாயைக்கூட நீ சொன்ன மாதிரி பளபளன்னு கழுவித்தானே வெச்சோம்? ஏதாவது விட்டுப்போச்சா? கொஞ்சம் சொல்லும்மா, மானம் போகுது."

"எனக்கென்ன சார் தெரியும்? நான் பெரிய ஆராய்ச்சியில இல்ல இருக்கேன்."

பிள்ளை ஏப்பம் விட்டான்.