ஜெமால் வண்டியின் ஒளிவட்டம்

தெலாவி சந்தை வாசலில் நின்று திபிலிசிக்கு ஆள் ஏற்றும் ஷேர் டாக்சிக்காரர்களில், என்ஜினைப் பற்றி அசைக்க முடியாத கருத்துகள் கொண்டவர் ஜெமால். இளமையில் அவர் திபிலிசி நகரில் டிராலி பஸ் ஓட்டியவர். டிராலி பஸ்ஸுக்கு என்ஜின் கிடையாது; தலைக்கு மேல் கம்பி, கம்பியில் மின்சாரம், அவ்வளவுதான். என்ஜினோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பே அமையாததால் அதைப் பற்றிய அவருடைய கருத்துகள் கடைசிவரை கெடாமல் இருந்தன.

"என்ஜின் பேசினா பதில் பேசக்கூடாது," என்பார். "ஒரு தடவை காது குடுத்தீங்க, அப்புறம் ஓயாது."

அவருடைய கார் அமெரிக்காவில் எங்கோ ஒரு மரத்தில் மோதி, ஏலத்தில் விலைபோய், கப்பலேறி, ருஸ்தாவி கார் சந்தையில் புது முகம் வாங்கிக்கொண்டு வந்த கார். வேகமுள், பெட்ரோல் முள் எல்லாம் ஓட்டுநருக்கு நேர் எதிரே இல்லாமல் முன்பலகையின் நடுவில் இருக்கும் வகை. ஆகவே ஓட்டுநரின் கவலைகள் அனைத்தும் பின்சீட்டுக்காரருக்கும் தெரியும். வாரம் ஒருமுறை திபிலிசிக்குப் போய்வரும் நான் அந்தப் பின்சீட்டிலிருந்துதான் இதையெல்லாம் பார்த்தேன்.

எங்கள் ஊர் வழக்கப்படி நான்கு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். அன்சோரின் வண்டி புதிது. அவனும் முப்பத்தைந்தைத் தாண்டாதவன். அவன் வண்டி முதலில் நிரம்பும். ஜெமாலின் வண்டி கடைசியில் நிரம்பும், சில நாள் நிரம்பவே நிரம்பாது. ஆள் ஏறாத டாக்சிக்காரன் சந்தை வாசலில் வெறுமனே நிற்கும் ஒரு வயதான ஆள், வேறொன்றுமில்லை. அது ஜெமாலுக்குத் தெரியும். அடுத்த இலையுதிர் காலத்துக்குள் வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்காரச் சொல்லி அவருடைய மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் உட்காருவதை நினைத்தாலே ஜெமாலுக்கு நெஞ்சு அடைக்கும்.

அந்த வசந்தத்தில்தான் விளக்கு எரிந்தது. என்ஜின் படம் போட்ட, ஆரஞ்சு நிற, சின்ன விளக்கு. ஜெமால் முறைப்படி எல்லா வைத்தியமும் செய்தார். விரல் முட்டியால் தட்டினார். வண்டியை அணைத்துப் போட்டார். வேறு பங்கில் பெட்ரோல் ஊற்றினார். ஒரு நாள் முழுக்க அதைப் பார்க்காமலே ஓட்டினார். விளக்கு அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் மெக்கானிக் வாலிகோவிடம் போனார். வாலிகோ ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார்.

"நாலு காயில்ல ஒண்ணு சாகப்போகுது ஜெமால். தீப்பொறி சரியா வரல. மாத்திடலாம்."

"செத்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"மூச்சு இருக்கறவனுக்கு எதுக்குய்யா சவப்பெட்டி அளவெடுக்கறே?"

"உன் இஷ்டம். விளக்கு நின்னு எரிஞ்சா, சாவகாசமா வா. கண் சிமிட்ட ஆரம்பிச்சா, அந்த இடத்துலயே நிறுத்து. மீறி ஓட்டினா மொத்த என்ஜினும் போயிடும், சொல்லிட்டேன்."

ஜெமால் அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனார். மனம் திருந்தி அல்ல. கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் கடையில் ஸ்டிக்கர் கிடைக்கும் என்று. பயணிகளைக் காக்கும் புனித நிக்கோலஸின் படம், மெல்லிய பிளாஸ்டிக்கில், தீப்பெட்டி அளவு. அதை விளக்கின் மேல் ஒட்டினார். வேகமுள்ளை மறைக்கக் கூடாது என்பது ஒன்றே அவர் கவலை. புனிதரின் தலை எங்கே வருகிறது என்று அவர் பார்க்கவில்லை.

தலை சரியாக விளக்கின் மேல் வந்திருந்தது.

மறுநாள் காலையில் வேறு வழியில்லாமல் அவர் வண்டியில் ஏறியவர் லமாரா. திபிலிசியில் சீஸ் விற்பவர். தெலாவிச் சந்தையில் லமாராவுக்குத் தெரியாமல் எந்தச் செய்தியும் வயதுக்கு வருவதில்லை. முன்சீட்டில் உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். புனித நிக்கோலஸின் தலையைச் சுற்றி ஆரஞ்சும் பொன்னுமாக ஒரு வட்டம், விளிம்பு லேசாகக் கசிந்து, உயிரோடு எரிந்துகொண்டிருந்தது. லமாரா மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஜெமால், உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும், இது எப்படி?"

ஜெமால் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. பதில் சொல்லச் சங்கடமான கேள்வி வந்தால் வானத்தைப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். லமாராவும் பார்த்தார். இருவரும் பார்த்தது ஒரே வானம்தான். கண்டது வேறு வேறு.

ஒரு வாரத்தில் சந்தை வாசலின் நியாயம் தலைகீழானது. அன்சோர் தன் புது வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துவான். பெண்கள் அவனைத் தாண்டிப் போய் ஜெமாலின் வண்டிக்குக் காத்திருப்பார்கள். மகன் ராணுவத்துக்குப் போகிறான் என்று வருவார்கள், முழங்கால் வலி என்று வருவார்கள். ஏறாமலே கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இதில் ஒரு நன்மை இருந்தது. வழியில் கோயில் வந்தால் இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சிலுவை போடுவது ஜெமாலின் பழக்கம், வளைவாக இருந்தாலும். முன்பெல்லாம் பயணிகள் அலறுவார்கள். இப்போது புனிதர் பார்த்துக்கொள்வார் என்று அவர்களும் சேர்ந்து போட்டார்கள்.

வாலிகோ ஒருமுறை சந்தையில் பிடித்துக்கொண்டார்.

"காயில் மாத்தலையா இன்னும்?"

"மெதுவாப் பேசு."

"விளக்கு எரியுதா இல்லையா?"

"எரியறதுதான்யா பொழப்பே," என்றார் ஜெமால்.

அவருடைய நிலைமை விசித்திரமானது. வண்டி கெட்டிருக்கும்வரை ஆள் ஏறும், சரிசெய்தால் ஏறாது. கெட்டதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் ஒருநாள் வண்டியே இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இறந்துகொண்டிருக்கும் காயில்மேல் உட்கார்ந்து அந்தக் கோடை முழுக்க அவர் திபிலிசி வழியிலுள்ள கோம்போரி மலையை ஏறி இறங்கினார்.

திராட்சை அறுவடை தொடங்கிய வாரத்தில் சாமி இலாரியோன் எங்களோடு ஏறினார். இளம் பாதிரியார், பெரிய தாடி, அதைவிடப் பெரிய உடம்பு. சொந்தக் கார் வாலிகோவின் பட்டறையில் கிடந்தது. சாமி என்பதால் முன்சீட்டை லமாரா விட்டுக்கொடுத்தார். பின்சீட்டில் லமாரா, நான், எங்களுக்கு நடுவில் லமாராவின் சீஸ் வாளி. வாளிக்கும் ஓர் ஆளுக்கான காசைக் கொடுத்திருந்தார், நான்கு சேர வேண்டுமே என்று.

சாமி புனிதரைப் பார்த்தார். குனிந்து இன்னும் நன்றாகப் பார்த்தார். பிறகு ஜெமாலைப் பார்த்தார். ஜெமாலின் காது சிவந்தது.

"அழகா இருக்கு," என்றார் சாமி. "என் வண்டியிலயும் இதே வெளிச்சம்தான். படம்தான் ஒட்டல."

"சாமி வண்டியிலயுமா!" என்றார் லமாரா. "இருக்காதா பின்னே!"

மலை ஏறத் தொடங்கியதும் கார் ஒரு காலால் நொண்டுவது போல் உதறியது. மூன்றாவது வளைவில் புனித நிக்கோலஸ் கண் சிமிட்டினார். எரிந்தார், அணைந்தார், எரிந்தார், அணைந்தார்.

"அய்யோ, சிமிட்றாரு!" லமாரா என் தோளைப் பிடித்தார். "ஏதோ சொல்றாரு! ஜெமால், ஏதோ சொல்றாரு பாரு!"

ஜெமாலுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று வார்த்தைக்கு வார்த்தை தெரியும். வாலிகோவின் குரலில் கேட்டது. நிறுத்தினால் பானெட்டைத் திறக்க வேண்டும். எங்கள் ஊரில் பானெட்டைத் திறப்பது விருந்துப் பந்தியில் மதுக்கோப்பையைத் தூக்குவது மாதிரி: போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று, தலைக்கு ஒரு கருத்து சொல்லாமல் நகரமாட்டான். அதில் ஒருத்தன் வாயிலிருந்தாவது அந்த விளக்கைப் பற்றிய பேச்சு வரும். நிறுத்தாவிட்டால் என்ஜின் போகும். ஜெமால் இன்னொரு வளைவு ஓட்டினார்.

"ஜெமால்," என்றார் சாமி, தாடியைத் தடவிக்கொண்டே. "புனிதர் நிறுத்தச் சொல்றாரு. வாலிகோவும் அதைத்தானே சொன்னாரு உங்ககிட்ட? என்கிட்டயும் சொன்னாரு."

ஜெமால் நிறுத்தினார்.

பானெட் திறந்த ஐந்தாவது நிமிடம் ஆறு வண்டிகள் நின்றன. ஒருவர் பெட்ரோல் மோசம் என்றார், ஒருவர் கியர் என்றார். ஆடு ஓட்டி வந்தவர் ஆடுகளை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு வந்து பெல்ட் என்றார். ஆறாவது வண்டி அன்சோருடையது; ஆள் சேராமல் காலியாகவே கிளம்பி வந்திருந்தான். அவன் கருத்தே சொல்லவில்லை. கதவைத் திறந்து, "வாங்கக்கா, வாங்க சாமி," என்றான். லமாரா வாளியோடு இறங்கிப் போனார். போகும்போது ஜெமாலிடம், "உனக்காகவும் வேண்டிக்கறேன்," என்றார். நானும் அதே வண்டியில்தான் போனேன். திரும்பிப் பார்த்தபோது ஜெமால் ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

கயிறு கட்டி இழுத்துவந்த காருக்கு வாலிகோ புதுக் காயில் போட்டார். கார் டிராலி பஸ்ஸைப் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. விளக்கு அணைந்தது. புனித நிக்கோலஸ் மற்ற ஸ்டிக்கர்களைப் போல ஒரு ஸ்டிக்கர் ஆனார்.

மறுநாள் சந்தை வாசலில் லமாரா ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. படம் இருட்டாக இருந்தது. தலையை வெளியே எடுத்தார்.

"என்னய்யா பண்ணினே?"

"என்ன பண்ணினேன்?"

"சும்மா விட்டுட்டுப் போவாரா அவரு? எதாவது பண்ணியிருப்பே. பொம்பள விவகாரமா?"

"லமாரா, எனக்கு அறுபத்துமூணு வயசு!"

"அதான் கேக்கறேன்."

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஜெமால் வானத்தைப் பார்த்தார். வானம் உதவவில்லை. வேறு வழியில்லாமல், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, சங்கடமான கேள்விக்கு முழு உண்மையைச் சொன்னார். அது என்ஜின் விளக்கு, காயில் கெட்டிருந்தது, மறைக்கத்தான் படம் ஒட்டினேன், காயில் மாற்றியாயிற்று, விளக்கு அணைந்தது, இவ்வளவுதான்.

ஒருவரும் நம்பவில்லை.

"பாவத்தைப் பண்ணிட்டு என்ஜின் மேல பழி போடறான் பாரு," என்றார் லமாரா. சாமி இலாரியோனிடமே போய்க் கேட்டார்கள். ஜெமால் சொல்வது உண்மைதான் என்று சாமி சொன்னார். அதற்கும் லமாராவிடம் விளக்கம் இருந்தது: "பாவமன்னிப்புல கேட்டதைச் சாமி வெளிய சொல்லக்கூடாதில்ல. அப்படித்தான் சொல்வாரு. அப்ப ரொம்பப் பெரிசுதான் போல."

முழங்கால் வலிக்காரர்கள்கூட ஜெமாலின் வண்டியை விட்டு இரண்டடி தள்ளி நடந்தார்கள். தெலாவியிலேயே சிறந்த என்ஜினை வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார். மனைவி வண்டிக்கு விலை விசாரிக்கத் தொடங்கினார்.

நடந்ததிலிருந்து சரியான பாடம் கற்றவன் அன்சோர் மட்டும்தான். ஜெமால் சொன்னதை நம்பிய ஒரே ஆளும் அவன்தான். கோயில் கடையில் தீப்பெட்டி அளவில் ஒரு புனித ஜார்ஜை வாங்கிக்கொண்டு நேராக வாலிகோவிடம் போனான். குதிரையும் டிராகனும் இருந்த படம்.

"என்ஜின் விளக்கு எரியணும்," என்றான்.

"எரியக்கூடாதுன்னு வருவாங்க," என்றார் வாலிகோ. "எரியணும்னு வந்த முதல் ஆளு நீதான். போய்டு."

அன்சோர் போய், தானே பானெட்டுக்குள் கையை விட்டு, உள்ளே போகும் காற்றை அளக்கிற ஏதோ ஒன்றின் ஒயரைக் கழற்றிவிட்டான். விளக்கு எரிந்தது. புனித ஜார்ஜ் ஒளிர்ந்தார். டிராகன்மேல் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது வெளிச்சம். அது யார் கண்ணிலும் படவில்லை. லமாரா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஜெமால் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த ஒயரை மாட்டிடு அன்சோர். மலையில மூச்சு முட்டும் வண்டிக்கு."

"பொறாமைப்படாதீங்க அண்ணே."

"பொறாமைதான். இருந்தாலும் மாட்டிடு."

அவன் மாட்டவில்லை. அடுத்த வாரம் நான் ஜெமாலின் வண்டியில் தனியாகப் போனேன்; நான்கு சேராவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் உட்காருவதைவிட மேல் என்று கிளம்பிவிட்டிருந்தார். கோம்போரியின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே அன்சோரின் வண்டி நின்றுகொண்டிருந்தது. பானெட் திறந்திருந்தது. எட்டு வண்டிகள் நின்றிருந்தன. பெட்ரோல், கியர், பெல்ட் என்று கேட்டுக்கொண்டிருந்தது. என்ஜின் செத்துவிட்டது, சாவி மட்டும் போட்டபடியே இருந்ததால் புனித ஜார்ஜ் உள்ளே அமோகமாக எரிந்துகொண்டிருந்தார்.

"விளக்கு நல்லாத்தானே எரியுது!" என்று அன்சோர் எல்லோரிடமும் முறையிட்டுக்கொண்டிருந்தான்.

ஜெமால் வண்டியை ஓரமாக நிறுத்தி, அணைத்தார். இறங்கவில்லை, ஒரு கருத்தும் சொல்லவில்லை. லமாரா சாலையோரத்தில் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். பனிக்காற்று அடித்தது. சீஸுக்கு அது நல்லது, லமாராவுக்கு இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்து அதை உள்ளே வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். அவர் பின்னாலேயே இரண்டு பெண்கள் ஏறி வாளியோடும் என்னோடும் நெருங்கிக்கொண்டார்கள்.

"பாவம் பண்ணினவன் வண்டி பரவாயில்லையா?" என்றார் ஜெமால்.

"குளிருது. பேசாம ஓட்டு."

ஜெமால் சாவியைத் திருப்பினார். எந்தக் காரும் சாவி திருப்பிய கணத்தில் தன் விளக்குகளையெல்லாம் ஒருமுறை எரித்துப் பார்த்துக்கொள்ளும். என்ஜின் கிளம்பியதும் அவை அணைந்துவிடும். அவ்வளவு நேரம்தான். அந்தக் கணத்தில் புனித நிக்கோலஸின் தலையைச் சுற்றிப் பழைய ஆரஞ்சு வட்டம் முழுசாக எழுந்து, மறைந்தது.

லமாரா மூச்சை உள்ளே இழுத்தார். பின்சீட்டில் மூன்று கைகள் சிலுவைக்கு உயர்ந்தன.

"பார்த்தேன்," என்றார் லமாரா. "பார்த்தேன் ஜெமால். உன்னை மன்னிச்சுட்டாரு. கண்ணத் திறந்து பார்த்துட்டு மூடிக்கிட்டாரு. இனி தினமும் இப்படித்தான் பார்ப்பாரா?"

ஜெமால் வாயைத் திறந்தார். விளக்கம் நாக்கு நுனியில் இருந்தது, எனக்கே தெரிந்தது. ஒரே ஒருமுறை உண்மை பேசி வண்டி முழுவதையும் காலியாக்கிய மனிதர் அவர். பின்கண்ணாடியில் நிரம்பிய சீட்டைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் வானத்தைப் பார்க்க நிமிர்ந்தார்.

நடுவில் காரின் கூரை இருந்தது. அதையே பார்த்துவிட்டு, கியரைப் போட்டார்.