மந்திரவாதியின் அப்பா

ஏட்டையா தன் சட்டைப்பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். வழக்கில் பிடிபட்ட பொருளை வைப்பதுபோல, இரண்டு விரலால், ஓசைப்படாமல். உள்ளே இருபது முகம் கொண்ட கருநீலப் பகடை ஒன்று இருந்தது. வெளியே நல்ல சாரல். குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து முடித்து நேராக வந்திருந்தார் போல. காக்கி பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"இது என்னது தம்பி? சூதாட்டமா?" என்றார்.

என் நண்பனின் அப்பா அவர். ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவனும் தென்காசியில் ஒரே பள்ளி. அவன் இறந்து அன்றைக்கு நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. இலத்தூர் விலக்குப் பக்கம், மழையில், விளக்கில்லாமல் ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் அவன் பைக் மோதியிருந்தது. துக்கம் கேட்கப் போன துட்டி வீட்டில் நான் ஏட்டையாவின் கையைப் பிடித்தபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொல்லி யாரையோ அனுப்பிக்கொண்டிருந்தார்.

சூதாட்டம் இல்லை, விளையாட்டு என்று விளக்க முயன்றேன். பெங்களூரிலிருந்து வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்க ஊருக்கு வந்தபோது நான் கொண்டுவந்த பழக்கம் அது. ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் போகவேண்டும். வாள்வீரன், வைத்தியச்சி, மந்திரவாதி என்று யாராகவும் இருக்கலாம். எடுத்த காரியம் நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்வது என் வேலை. மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒருவர், கணக்கு டீச்சர் ஒருத்தி, என் நண்பன், ஞாயிறு மதியங்களில் என் மாடி அறையில் கூடினால் சாயங்காலக் காப்பிவரை நேரம் போவதே தெரியாது.

ஏட்டையா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உள்பனியனுக்குள் நனையாமல் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். முதல் பக்கத்தில் நண்பனின் சரிந்த கையெழுத்து. பெயர்: கருஞ்சாரல். தொழில்: இருள் மந்திரவாதி.

"முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. தானா உயிரை விட்டவன் வீட்டுக்குப் போனா முதல்ல நோட்டுப் புஸ்தகத்தைத்தான் தேடுவோம். இதுல இருட்டு, சாவு, ரத்த ஒப்பந்தம்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கான். அவன் அம்மைக்கு இன்னும் காட்டலை. நீ மறைக்காம சொல்லு. லாரியில அவனாப் போய் மோதுனானா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கை நோட்டின்மேல் விரிந்து கிடந்தது, காற்றில் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வதுபோல. நான் செல்போனை எடுத்து, இறப்பதற்கு முந்தைய நாள் அவன் அனுப்பிய செய்தியைக் காட்டினேன். 'வர்ற ஞாயிறு லேட்டா வருவேன். நான் இல்லாம குகைக்குள்ள போயிராதீங்கலே. கருஞ்சாரலுக்குப் புது மந்திரம் யோசிச்சு வச்சிருக்கேன்.' அதை அவர் நிதானமாகப் படித்தார். அனுப்பிய நேரத்தையும் பார்த்தார். பிறகு அந்தச் செய்தியைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அவர் தோள் சற்று இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன்.

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "இதை எப்படி உண்டாக்கினான்னு எனக்குச் சொல்லு. முதல்ல இருந்து" என்றார்.

அப்படி நான்கு ஞாயிறுகள் வந்தார். முதல் மூன்று வாரமும் நாங்கள் இருவர் மட்டும்தான். என் நண்பன் கருஞ்சாரலை உருவாக்கிய அதே வரிசையில் அவருக்குச் சொன்னேன். பலம், வேகம், உடல் உறுதி, அறிவு, மனத்திடம், வசீகரம் என்று ஆறு குணங்களுக்கு எண்களைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் பெரிய எண் கிடையாது, ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறையும். நண்பன் மனத்திடத்துக்கு மிக அதிகமும் பலத்துக்கு மிகக் குறைவும் போட்டிருந்தான்.

"பலம் எட்டுதானா?" என்றார் ஏட்டையா. "ஓட்டத்துல நல்லாத்தான் ஓடுவான். கயிறு ஏறுததுதான் வராது. நானும் வெடியக்காலம் எழுப்பிக் கூட்டிட்டுப் போயி எவ்வளவோ சொல்லிக் குடுத்தேன்." போலீஸ் தேர்வைச் சொன்னார். இரண்டு முறை எழுத்தில் தேறி, இரண்டு முறையும் மைதானத்தில் தோற்றிருந்தான். அந்தத் தோல்விகளைப் பற்றி அவன் எங்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதுண்டு. வீட்டில் எப்படி இருந்தான் என்பது எனக்குத் தெரியாது. அந்த எட்டின்மேல் ஏட்டையாவின் கண் நெடுநேரம் நின்றது. அடித்துவிட்டு வேறு எண் போடலாமா என்று கேட்பாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மந்திரங்களின் பட்டியலையும் வரிவரியாகப் படித்தார். நிழலுக்குள் மறைவது, எதிரியின் கண்ணுக்குப் பயத்தைக் காட்டுவது, இறந்தவரோடு பேசுவது. மூன்றாவது வரியைத் தாண்டிப் போன விரல் திரும்பி வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, இருளைத் தேடிப் போகிறவன் கெட்டவனாகத்தானே இருப்பான் என்று கேட்டார். அப்படி இல்லை, இந்த மந்திரவாதி யாரையும் கொன்றதில்லை, போன இடத்தில் எல்லாம் மற்ற இரண்டு பேரையும் நிழலில் ஒளித்துக் காப்பாற்றுவதுதான் அவன் வேலையாக இருந்தது என்றேன். "ஓ" என்றார். அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றை நான் மறைத்தேன். பாத்திரத்தை உருவாக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு ரகசியத்தை எழுதி, கதை சொல்கிற என்னிடம் மட்டும் தரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். நண்பன் நாலாக மடித்துத் தந்த தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. "வேற எதுவும் எழுதிக் குடுத்திருக்கானா?" என்று ஏட்டையா முதல் நாளே கேட்டிருந்தார். இல்லை என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சரி என்றார். எத்தனையோ பேரை விசாரித்த மனுஷர். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் என்னை அரித்தது. மூன்றாவது ஞாயிறு அவர் படியேறி வந்து உட்கார்ந்ததும், இழுப்பறையைத் திறந்து தாளைக் கொடுத்துவிட்டேன்.

அதில் இருந்தது இவ்வளவுதான்:

'கருஞ்சாரலின் அப்பா அருவிக் காவலர். வெள்ளம் வந்தால் எல்லோரையும் கரையேற்றுவார். அவர் கைப்பிடித்து இழுத்த யாரும் செத்ததில்லை. மந்திரம் வாங்க இருளுக்குக் கருஞ்சாரல் கொடுத்த விலை தன் குரல். அப்பா முன்னால் நிற்கும்போது மட்டும் அவனுக்குக் குரல் வராது. இது நீங்குவதற்கு ஒரே வழிதான். அப்பா முதலில் பேசவேண்டும். உத்தரவு போடக்கூடாது. பேசவேண்டும்.'

ஏட்டையா இரண்டு முறை படித்தார். மகன் தன்னை வெறுத்து எழுதியிருப்பான் என்று அஞ்சித்தான் அவர் அந்தத் தாளை மறுபடி கேட்காமல் இருந்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. வெறுப்பு இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட்டிருக்கலாம், மன்னித்திருக்கலாம். சீசன் முழுக்க வாயில் விசிலோடு அருவிக்கரையில் நிற்கிற தன்னை மகன் எங்கிருந்தோ பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறான் என்பதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தாளை மடித்து என்னிடமே நீட்டினார். பிறகு, உண்மையிலேயே தெரியாதவர் கேட்பதுபோலக் கேட்டார்.

"உத்தரவு போடாம எப்படித் தம்பி பேசுதது?"

நான் தாளைத் திரும்ப இழுப்பறையில் வைத்தேன். அடுத்த வாரம் எல்லோரையும் வரச் சொல், நானும் விளையாடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காவது ஞாயிறு சட்டை வேட்டியில் வந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். மருந்துக்கடை நண்பரும் டீச்சரும் எழுந்து நின்றார்கள். "இருங்க இருங்க" என்றபடி, நண்பன் வழக்கமாக உட்காரும் நாற்காலி எது என்று தெரியாமலேயே அதில் போய் அமர்ந்தார். அவருக்கு அருவிக் காவலர் வேடம். நான் கதையைத் தொடங்கினேன். மலைக்குமேல் மழை. அருவி செம்மண் நிறத்தில் கொட்டுகிறது. கூட்டத்தைக் கரையேற்றிவிட்டுக் காவலர் தனியாக நிற்கிறார். அருவிக்குப் பின்னால் இருக்கிற குகையிலிருந்து மெலிந்த ஓர் ஆள் வெளியே வருகிறான். கருஞ்சாரல். அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிடுகிறான்.

"நீங்க என்ன சொல்லுதீங்க ஏட்டையா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏலே, அங்கன நிக்காத, இங்கன..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். அது உத்தரவு. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார். மேசையைப் பார்த்தார். ஒரு மனுஷர் ஒரு வாக்கியத்தைத் தேடி அவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் மிக மெதுவாகக் கேட்டார்.

"சாப்பிட்டியாலே?"

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆளில்லாத பாத்திரங்களுக்குக் குரல் கொடுக்கவேண்டியது கதை சொல்கிறவன். விதிப்படி அந்தப் பதில் என்னுடையது. அவன் எப்படிச் சொல்லியிருப்பான் என்றுகூட எனக்குத் தெரியும். கொஞ்சம் இழுத்து, மூக்கால், "ஆச்சுப்பா" என்று. அந்த ஒரு சொல் என் தொண்டைவரை வந்தது. வெளியே வரவில்லை. ஏட்டையா காத்திருந்தார். ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் குனிந்தே இருந்தேன். ஏட்டையாவே "சரி தம்பி, டூட்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்தார். அன்றைக்கு அவருக்கு டூட்டி இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அதன்பிறகு அவர் வரவில்லை. நாங்களும் விளையாடவில்லை. மருந்துக்கடை நண்பர் துபாய் போனார், டீச்சர் கல்யாணமாகி வேறு ஊர் போனாள். ஏட்டையா பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான ராயகிரிக்கே குடிபோய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அந்தத் தகப்பன் கொஞ்சம் ஆறியிருப்பாரே என்கிற எண்ணம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. மூன்று வருஷம் அதைச் சுமந்துகொண்டிருந்தேன்.

போன ஆவணியில் வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், நிழலில் கல்பெஞ்சில் ஏட்டையா உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். மீசை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் இடம்விட்டு, "உட்காருப்பா" என்றார். கொஞ்சம் ஊர்ப்பேச்சு பேசினோம். பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் பதில் சொல்லியிருக்கணும் ஏட்டையா. என்னால முடியலை."

எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "சொல்லாததுதான் சரி" என்றார். "சொல்லியிருந்தா அது உன் குரலால்லா இருந்திருக்கும். நான் வீட்டுக்குப் போயி உக்காந்து, அவன் குரல் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். 'சரிப்பா'ங்கது மட்டுந்தான் ஞாபகம் வந்துச்சு. இருபத்தஞ்சு வருஷம் வீட்டுல இருந்த புள்ள. வேற ஒரு சொல்லும் வரலை."

வெயில் ரோட்டின் பாதியைத் தாண்டியிருந்தது. அவர் வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"உங்கிட்ட நல்லாப் பேசுவானா?"

"நிறையப் பேசுவான் ஏட்டையா."

"என்ன பேசுவான்?"

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கினேன். முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் கேட்ட கேள்வியை, அவன் குரலில் இல்லாமல் என் குரலிலேயே சொன்னேன். ஏட்டையா என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். ராயகிரி வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்லிக் கூவினார். அவர் எழுந்திருக்கவில்லை.