இணையத்தில் ஏற்றிய புரொஜெக்டர்

1. புகார்

“நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களே, அந்த மெஷினு இப்ப எங்கங்க?”

சென்டரின் ஷட்டரை நான் முழுதாகத் தூக்குவதற்குள் கலியமூர்த்தி இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தங்கை கோகிலா. குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், அவர்கள் வீட்டில் இருந்த பழைய சினிமா புரொஜெக்டரைக் காணவில்லை. முந்தின மாதம்தான் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருந்தேன்.

2005ஆம் ஆண்டு. பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப் டிசைனராக இருந்தேன். பழைய தொழில்நுட்பக் கருவிகளுக்கு இணையத்தில் ஓர் அருங்காட்சியகம் அமைக்கும் வேலையை, சென்னை அறக்கட்டளை ஒன்று எங்கள் முதலாளி நடராஜன் சாரிடம் கொடுத்திருந்தது. பொருளை நாங்கள் வாங்க மாட்டோம். இருக்கும் இடத்திலேயே டிஜிட்டல் கேமராவில் படம் எடுப்போம். மெதுவான டயல்-அப் இணைப்பிலும் சீக்கிரம் திறப்பதற்காகப் படத்தின் சைஸைக் குறைப்பேன். குறிப்பு எழுதி, பக்கம் வடிவமைத்து, அப்லோட் செய்வேன்.

வாங்க வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. கிணற்றடியில் கிடந்த ஆயில் இன்ஜினைப் படம் எடுக்கப் போனபோது, “இன்ஜின் இருக்குன்னு எழுதிட்டுப் போயி ஃப்ரீ கரண்ட்ட நிறுத்திருவீங்களா?” என்று கேட்டார் ஒரு விவசாயி. லெப்பைக்குடிகாட்டில் ஓர் அம்மா, கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைக் காட்டிவிட்டு, “கஸ்டம்ஸ்காரங்க யாரும் பாக்க மாட்டாங்கள்ல?” என்றார்.

2. படம் எடுத்த நாள்

கலியமூர்த்தியின் அப்பா ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். கொட்டகை போய், கடைசியில் அந்த 16 எம்.எம். புரொஜெக்டர் மட்டும் மிஞ்சியது. கலியமூர்த்தி சிரித்த முகமாக அதைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் வைத்துத் துடைத்தும் கொடுத்தார். கணவர் இறந்தபின் அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்த கோகிலாவுக்கு எங்களைப் பிடிக்கவில்லை.

“இத எடுத்துட்டுப் போயி யாருகிட்ட காட்டுவ?”

“ஒலகத்துல யாரு வேணாலும் பாக்கலாங்கக்கா.”

“அதான் கேக்குறேன். யாரு வேணாலும்னா, யாரு?”

நான் பதில் சொல்வதற்குள், கூட வந்திருந்த சார், கம்பெனி பெயரும் நம்பரும் பொறித்த தகட்டைக் கிட்டத்தில் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

3. சந்தேகம்

“ஊர் பேரு, எங்க பேரு எல்லாம் போட்டிருக்கீங்க. உங்க ஆளுங்கதான் தூக்கியிருக்கணும்” என்றார் கலியமூர்த்தி. கோகிலா என்னைக் கைகாட்டி, “அன்னிக்கே இந்தப் புள்ள சுத்திச் சுத்தி வந்துச்சு” என்றார். திங்கட்கிழமைக்குள் மெஷின் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் சார் என்னிடம் திரும்பினார்.

“வெளியாளு யாருக்காச்சும் மெயில் கியில் அனுப்புனியாம்மா?”

“இல்ல சார்.”

அன்று மதியமே சைட்டின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். என்னால் சைட்டுக்குள் போகவே முடியவில்லை. பிறகு நானும் யோசிக்க ஆரம்பித்தேன். அந்தத் தகட்டை எடுக்கச் சொன்னது யார்? பழம்பொருள் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தானே? போன வாரம் சார் காரை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் எங்கே போனார்? ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். அவர் போன் பேச வெளியே போனால் நான் டைப் அடிப்பதை நிறுத்திக் காது கொடுத்தேன்.

4. பெங்களூர் போன்

சனிக்கிழமை, சைட்டில் கொடுத்திருந்த எங்கள் நம்பருக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். பெங்களூரிலிருந்து பேசுகிறேன் என்றது ஒரு வயதான குரல்.

“உங்க சைட்ல பாத்துட்டுத்தாம்மா அந்த புரொஜெக்டர நேர்ல போயி வாங்குனேன். ஆனா படத்துல இருக்குற லென்ஸ் நான் வாங்குனதுல இல்ல, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். அது உங்ககிட்ட இருக்கா?”

ஸ்பீக்கரைப் போட்டுச் சாரைக் கூப்பிட்டேன்.

“யாருகிட்ட வாங்குனீங்க சார்?”

“வீட்டுக்காரர் கலியமூர்த்திகிட்டதான். அவரேதான் வண்டியில ஏத்தி விட்டாரு.”

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கலியமூர்த்திக்குப் போன் போட்டு, பெங்களூர்க்காரர் லென்ஸ் கேட்கிறார் என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை யாரும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. புதிய பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனார் சார்.

5. கோகிலா

அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்க நான் தனியாகக் கிராமத்துக்குப் போனேன். கலியமூர்த்தி வீட்டில் இல்லை. கோகிலா உள்ளே போய், ஒரு பழைய துணியைப் பிரித்து என் முன்னால் வைத்தார். லென்ஸ்.

“நீங்க போன அன்னிக்கே கழட்டிட்டேன். அண்ணன் வெல கேட்டுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியும். கண்ணு இல்லாத மெஷின எவன் வாங்குவான்னு நெனச்சேன். அதயும் ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டான். எங்கிட்ட மறைக்கத்தான் அண்ணன் காணோம்னு சொன்னான்.”

“அப்பறம் ஏங்கக்கா என்னயக் கை காட்டுனீங்க?”

அவர் லென்ஸைத் திரும்பவும் துணியில் சுற்றினார்.

“உன் மேல சந்தேகப்பட்டா ஊரே என் பக்கம் நிக்கும். அண்ணன் மேல சந்தேகப்பட்டா, நான் எந்த வூட்டுல போயி நிக்கிறது?”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. பக்கத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

“வேணாம். எங்கப்பா பேரோட அப்படியே இருக்கட்டும். அத ஒண்ணத்தான் அவனால விக்க முடியாது.”

அதன்பிறகு எந்தப் பக்கத்திலும் ஊர் பெயரையோ தகட்டு நம்பரையோ நான் போட்டதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஒரு வீட்டில் படம் எடுக்கச் சம்மதம் கேட்கும்போது, ‘எடுத்துக்கங்க’ என்றவரோடு நிறுத்திவிடாதீர்கள். ‘வேண்டாம்’ என்றவரிடம் போய், ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். நான் அன்றைக்கே கேட்டிருந்தால் கோகிலா சொல்லியிருப்பாரா, தெரியாது. ஆனால் நான் கேட்கவே இல்லை.