ஐஸ் பெட்டியில் வந்த சீழ்

ராயபுரத்துப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கிருமி வளர்ப்பதுதான் என் பிழைப்பு. ஊரே கொல்லப் பார்ப்பதை நான் தட்டில் தீனி போட்டு வளர்ப்பேன். வளர்ந்தபின் எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துச் சொல்வேன். இப்போதெல்லாம் பல கிருமிகள் எதற்கும் சாவதில்லை. அதற்காக நான் மனம் உடைவதும் இல்லை. முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன்.

ஒருநாள் ஒரு பெண் சீழ்க் குழாயோடு வந்தாள். நெட்டுக்குப்பத்துக்காரி, மீன் விற்பவள். கடலுக்குப் போன கணவனின் உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறி, சீழ் பிடித்து, முழங்கை வரை வீங்கியிருந்தது. திருவொற்றியூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தாள். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. கேட்கிற மருந்து கிடைக்காவிட்டால் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே இந்தச் சோதனைக்கு வசதி இல்லை. சீழைக் குழாயில் அடைத்து அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் தட்டில் ஒன்றுமே வளரவில்லை. அதே சீழைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதோ குச்சி குச்சியாகக் கிருமிகள் மண்டிக் கிடந்தன. எனக்கு எரிச்சல். முடிவு கேட்க வந்தவளிடம், ஒன்றும் வளரவில்லை என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் கும்பிட்டுவிட்டாள்.

“செத்துப்போச்சா டாக்டரம்மா? அப்போ கை தப்பிச்சிச்சா?”

“குழாயில இருந்ததுதான் செத்துப்போச்சு. அவர் கையில இருக்கறது உயிரோடதான் இருக்கு. இதை எப்படிம்மா கொண்டுவந்தே?”

“ஐஸ்லதான். வெயிலு கொளுத்திகினு கீது, கெட்டுடப் போவுதுன்னு நல்லா கல்லுப்பு தூவி பொட்டில அமுக்கிக்கினு வந்தேன்.”

மீனை விறைக்க வைக்கிற அதே பக்குவம். உப்புச் சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிடக் குளிரும்; சீழ் உறைந்து கிருமி செத்துப்போயிருக்கிறது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கெடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவளை என்னவென்று கத்துவது? எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை.

“மறுபடி எடுத்துக்கினு வாம்மா. ஐஸ் வேணாம், சும்மா கையில வெச்சிக்கினு வா” என்றேன். கோபம் இறங்கினால் எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

அன்று மாலையே ஷேர் ஆட்டோவில் வந்தாள். குழாயை முஷ்டிக்குள் இறுக்கி, முஷ்டியை முந்தானையால் சுற்றியிருந்தாள். “சூடாதான் கீது, தொட்டுப் பாருங்கோ” என்று நீட்டினாள்.

இந்த முறை வளர்ந்தது. மருந்தில் தோய்ந்த சின்னக் காகித வில்லைகளைத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் கிருமி ஒட்டி உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது. இனி மருந்துகளை ஜோடி சேர்க்க வேண்டியதுதான். தனியாகத் தோற்ற இரண்டு சேர்ந்தால் சில சமயம் வேலை செய்யும், பெரும்பாலும் செய்யாது. வில்லைகளை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலை எடுத்த தட்டெல்லாம் பாலேடு படிந்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. கடைசித் தட்டில் மட்டும், இரு வில்லைகளுக்கு நடுவே நகத்தளவு இடம் கிருமியே இல்லாமல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, எனக்கே ஆச்சரியம். உடனே டாக்டருக்குப் போன் செய்து இரண்டு மருந்தின் பெயரையும் சொன்னேன். தட்டில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அவளுக்கும் கொடுக்கவில்லை.

சில வாரம் கழித்து இருவருமாக வந்தார்கள். அவன் ஒரு பையை நீட்டினான். உள்ளே வஞ்சிரம்.

“இதுக்கு ஐஸ் போட்டுக்கீறேன்” என்றாள் அவள். “போடலாம்ல?”

பையை அப்புறம்தான் வாங்கினேன். முதலில் அதை நீட்டிய கையைப் பிடித்துப் பார்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது, இரண்டு விரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை. ஐஸைத் தூக்கி வந்தும் உள்ளங்கை சூடாகவே இருந்தது.