எட்வின் சாரும் காலிக் கட்டமும்

எட்வின் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் மேலாளர் முரளி வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்: விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதன் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். எனக்கு அழுகை வரவில்லை. "பாவி மனுஷா, என் டாக்குமென்ட்டைத் திருப்பி அனுப்பிட்டுப் போய்ட்டீங்களே" என்றுதான் வாயில் வந்தது. பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

இரங்கல் கட்டுரை என்றால் நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். அதற்கு வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். சிறுசேரி அலுவலகத்தில் அவரோடு அதிகம் சண்டை போட்டவள் நான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் வேலை வாங்கும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். அதை எப்படிக் கூப்பிட வேண்டும், எதைக் கொடுத்தால் எது வரும் என்று எழுதி வைத்தால்தான் அடுத்தவர் பயன்படுத்த முடியும். எங்களுக்கு எழுதவே பிடிக்காது. எட்வின் சார் ஒரு கருவி செய்தார். அது நாங்கள் எழுதும் நிரலை, அதாவது கோடைப் படித்து, ஆவணத்துக்கான டெம்ப்ளேட்டைத் தானே போட்டுக் கொடுத்துவிடும். எல்லாம் நிரம்பியிருக்கும், ஒரே ஒரு கட்டத்தைத் தவிர: 'இதை எப்போது கூப்பிடக் கூடாது?' அதைக் கோடு எழுதியவரே தன் கையால் நிரப்ப வேண்டும். காலியாக இருந்தால் மென்பொருளின் ரிலீஸே நின்றுவிடும். அந்தக் கட்டத்தை நான் சபிக்காத நாள் கிடையாது.

நான் சேர்ந்த புதிதில் அதில் 'பொருந்தாது' என்று போட்டு அனுப்பினேன். மனிதர் என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். டீம் முழுக்க உட்கார்ந்திருந்தது. என் ஆவணத்தைத் திரையில் போட்டு, "ஏம்மா, நான் மக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ எழுதினதை மட்டும்தான் செய்வேன்" என்றார். அப்படியே செய்தார்; கூடாது என்று நான் எதையும் எழுதாததால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரே ரிப்போர்ட் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு ஆபீஸில் 'மக்குக் கச்சேரி' என்று பெயர். அவர் கச்சேரியில் மானம் போகாதவர் எங்கள் மாடியில் யாரும் இல்லை.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் மதியம், பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பப் பையோடு நிற்கும்போது ரிலீஸை நிறுத்தினார். நான் கத்தியே விட்டேன். "உங்களுக்கு மனசாட்சியே இல்லையா சார்?" அவர் தயிர்சாத டப்பாவை மூடாமலே, "அது இருக்கிறதாலதாம்மா நிறுத்தறேன்" என்றார். அன்று வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து 'நல்லா பண்ணியிருக்கே' என்று ஒரு தடவை சொன்னதில்லை. வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

இறந்த அன்று சிட்லபாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கிரேஸ் அக்கா என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானா அது? உன்னைத் திட்டாம இந்த மனுஷன் சாப்பிட்டதே இல்லம்மா" என்று சொல்லி அழுதார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். கிரேஸ் அக்கா வெள்ளைப் புடவையில் முன்வரிசையில் இருந்தார். முரளி மைக்கைப் பிடித்துக் கண் கலங்கினார். பிறகு அறிவித்தார்: சாரின் கருவியை மேம்படுத்தியாகிவிட்டதாம், இனி அந்தக் கடைசிக் கட்டத்தையும் அதுவே நிரப்புமாம், யாரும் காத்திருக்க வேண்டாமாம், அதற்கு 'எட்வின்' என்றே பெயராம். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கிரேஸ் அக்கா கைகூப்பினார்.

திரையில் உதாரணத்துக்குக் காட்டியது என்னுடைய ஆவணம். அவர் கடைசியாகத் திருப்பி அனுப்பியது. பரிசோதனை முடிவை நோயாளியின் போனுக்கு அனுப்பும் ஏபிஐ அது. 'எப்போது கூப்பிடக் கூடாது' என்ற கட்டத்தில் கருவி அழகாக எழுதியிருந்தது: 'எந்தத் தடையும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.'

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு ரத்த மாதிரியில் சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் மறுபடி சோதிப்பார்கள். அந்த விஷயம் எங்கள் கோடில் இல்லை, ஆய்வகத்துக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் பழைய தப்பு முடிவு நோயாளிக்குப் போய்விடும். இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவார், இருக்கிற நோயை விட்டுவிடுவார். கோடை மட்டும் படிக்கிற கருவிக்கு இது எப்படித் தெரியும்?

"முரளி, இது பொய். இதுக்கு அவர் பேரை வைக்காதீங்க" என்றேன், எழுந்து நின்று.

"அப்புறம் பேசலாமே, மேடம் இருக்காங்க."

"இப்பவே பேசணும். அந்தக் கட்டத்தை மனுஷங்கதான் நிரப்பணும்."

முரளி மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கிளையண்ட்டுக்குச் சொன்னதே 'தானாக நிரம்பும் எட்வின்' என்றுதான். பழையபடி வேணும்னா இந்தப் பேரும் வராது, பேர் வைக்கிற விழாவும் வராது. உனக்குச் சம்மதமா?"

ஹாலே என்னைப் பார்த்தது. கிரேஸ் அக்காவும் பார்த்தார்.

"சம்மதம். பேரை எடுத்துடுங்க" என்றேன்.

கிரேஸ் அக்கா எழுந்தார். "உயிரோட இருந்தப்பவும் சண்டை. போனதுக்கு அப்புறமுமா? அவருக்குன்னு கிடைச்சது இந்த ஒண்ணுதானேம்மா" என்றார். நான் விளக்க வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்துவிட்டார்.

சம்மதமா என்று தானே எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டதால் முரளியால் பின்வாங்க முடியவில்லை. கருவிக்கு இப்போது எந்தப் பெயரும் இல்லை. கட்டம் காலியாகத்தான் வருகிறது. என்னுடையதை அன்றே நிரப்பினேன், அவரைத் திட்டிக்கொண்டே. அக்காவுக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

போய் வாருங்கள், எட்வின் சார். உங்கள் பெயரை அழித்தவள் நான்தான், அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஏன் செய்தேன் என்று உங்கள் மனைவியிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். இந்த நேரம் பார்த்துப் போய்விட்டீர்களே, சார்.