எங்கள் தங்கச்சி மேடையேறிய பின்னேரம்

தங்கச்சி எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இப்படியான நினைவு மலர்களில் பிள்ளைகள் பெற்றோரைப் பற்றி எழுதுவார்கள். இளையவர்கள் மூத்தவர்களைப் பற்றி எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒழுங்கு மாறிப்போனது. அவளைவிடப் பத்து வயது மூத்தவளான நான் அவளுக்காக இதை எழுதுகிறேன். அம்மாவால் இன்னும் அவளைப் பற்றிப் பேச இயலவில்லை. அப்பாதான் என்னிடம் சொன்னார்: "நீ எழுது. ஆனா நடந்ததை எழுது. ஆக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்."

ஆகவே அவளுடைய நற்குணங்களை மட்டும் சொல்லி என்னால் முடித்துவிட முடியாது. உங்களில் பலர் எங்களிடம் நேராகவும், சிலர் தங்களுக்குள்ளும் கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அவ்வளவு நோய் வருத்தமாயிருந்த பிள்ளையை ஏன் அந்தப் பாடசாலை விழாவுக்குப் போக விட்டீர்கள் என்பதே அது.

எங்கள் பெற்றோர் மன்னாரில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் சிறு பிள்ளையாயிருந்தபோது ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கச்சி அங்கே, ரூர் ஆற்றுப் பக்கத்துச் சிறு நகரமொன்றில், பனி கொட்டிய ஒரு காலையில் பிறந்தாள். அப்பா வேலை செய்த உணவகத்தின் சமையலறையிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாராம். தாதி அவரைப் பார்த்துவிட்டு, சாப்பாடு கொண்டுவந்தவர் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். இந்தக் கதையைத் தங்கச்சி ஒவ்வொரு பிறந்தநாளிலும் அப்பாவைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

அவளுக்கு ஆறு வயதானபோது லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸில் குடியேறினோம். அப்பா பார்சல் வான் ஓட்டத் தொடங்கினார். அம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மன் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை ஒரே கோடைக்குள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான், அதிலும் பாதிதான். ஆனால் அந்தப் பாதித் தமிழில் அவள் சண்டை பிடித்தால் எங்கள் யாராலும் வெல்ல முடியாது.

தங்கச்சிக்குப் பொய்யான ஆறுதல் பிடிக்காது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவள் உதவியாக நின்ற காலத்தில், ஒரு பிள்ளை தன் செத்துப்போன பூனை மோட்சத்துக்குப் போயிருக்குமா என்று கேட்டது. மற்ற எல்லோரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். தங்கச்சி மட்டும், "எனக்குத் தெரியாது. வா, ஃபாதரிட்டக் கேப்பம்," என்று அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பங்குத்தந்தையின் முன் நிறுத்தினாள். அவர் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. அவருக்கும் தெரியாது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் வந்தாள்.

பதினாறு வயதில், ஜீசிஎஸ்ஈ சோதனை முடித்த கோடையில், அவள் கால்களில் நீல நிறக் கண்டல்கள் தெரிந்தன. நெற்போல் விளையாடும்போது அடிபட்டிருக்கும் என்று நினைத்தோம். அது இரத்தப் புற்றுநோய். ஓராண்டு சிகிச்சையில் தலைமுடி போனது, முகம் வீங்கியது, கூடப் படித்தவர்கள் அவளைத் தாண்டி மேல்வகுப்புக்குப் போனார்கள். குணமாகித் திரும்பியபோது தன்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு படித்தாள். அதை அவள் குறையாக நினைக்கவில்லை. இறுதியாண்டில், தபசு காலம் தொடங்கும்போது, வருத்தம் திரும்பி வந்தது. இம்முறை வைத்தியர்கள் முன்போல் நம்பிக்கையாகப் பேசவில்லை. அவள் ஆஸ்பத்திரி அறையொன்றில், முகக்கவசம் அணிந்த ஒரு மேற்பார்வையாளரின் முன்னிலையில், இரண்டு பாடங்களுக்குச் சோதனை எழுதினாள். மூன்றாவது பாடத்தன்று பேனையைப் பிடிக்க அவளால் முடியவில்லை.

பிறகு அவளை வீட்டுக்கு விட்டார்கள். அவளுடைய இரத்த அணுக்களையே எடுத்து, வெளியில் மாற்றி, திரும்பவும் உடலில் ஏற்றும் புதிய சிகிச்சையொன்று ஆவணியில் தொடங்க இருந்தது. அதுவரை அவளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது. எதிர்ப்புச் சக்தி சிறிதும் இல்லாத உடம்பு. அம்மா வீட்டுக்குள்ளும் முகக்கவசத்தோடுதான் இருந்தார். நான் வேலையால் வந்து குளித்த பிறகுதான் அவள் அறை வாசலுக்குப் போவேன்.

அவளுடைய பாடசாலையில், படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு ஆடி மாதத்தில் பட்டமளிப்பு விழா வைப்பார்கள். பல்கலைக்கழகத்தில் போலவே அங்கியும் தொப்பியும் உண்டு. விழா எப்போதும் மண்டபத்துக்குள்தான் நடக்கும். அவள் வரமுடியாது என்று அறிந்த இறுதியாண்டுப் பொறுப்பாசிரியை ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல், முன் தோட்டத்தில் நின்று, யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கச்சியோடு கதைத்தார். விழாவை மைதானத்தில் வைத்தால் வருவாயா என்று கேட்டார். தங்கச்சி யோசிக்கவேயில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். தனக்காகத்தான் வெளியில் வைக்கிறார்கள் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

ஆஸ்பத்திரியில் கேட்டோம். திறந்த வெளியில், ஆட்களோடு ஒட்டாமல், கொஞ்ச நேரமென்றால் தாங்கள் தடுக்கமாட்டோம், ஆனால் ஆபத்தில்லை என்றும் சொல்லமாட்டோம் என்றார்கள். முடிவு எங்கள் வீட்டுக் குசினிக்கு வந்து சேர்ந்தது.

"ஏலாது," என்றார் அப்பா. "ட்ரீட்மென்ட் முடியட்டும். பேந்து நாங்களே பெரிசா ஒரு பார்ட்டி வைப்பம்."

தங்கச்சி கதவோரம் கதிரையில் இருந்தாள். "பேந்து எண்டு ஒண்டு இருக்கெண்டு டொக்டர் உங்களுக்குச் சொன்னவரா, அப்பா?"

அப்பா மேசையிலிருந்த கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எனக்குச் சொல்லேல்ல. நான் கேட்டனான். தெரியாது எண்டுதான் சொன்னவர்."

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இஞ்சேருங்கோ, பிள்ளை கேக்கிறது ஒரு பின்னேரம். விடுவம்."

"காய்ச்சல் வந்தா?"

"வராமலும் இருக்கலாம்."

"வந்தா ஆர் பொறுப்பு?"

"நான்," என்றார் அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் இல்ல," என்றாள் தங்கச்சி. "எனக்குப் பத்தொன்பது வயசு. நான் போறன். கூட்டிக்கொண்டு போவீங்களா எண்டுதான் கேக்கிறன்."

அப்பா எழுந்து வெளியே போனார். விழாவன்று காலையில் நான் எழும்பியபோது அவர் தன் பார்சல் வானின் உட்பக்கம் முழுவதையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இருக்கை, கதவுப் பிடி, யன்னல் விளிம்பு என்று ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். அவர் சம்மதித்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மத்தியானம் கழிந்து வானம் கறுத்தது. நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது தூறத் தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள் கதிரைகளைத் துணியால் துடைக்கத் துடைக்க அவை நனைந்தன. மண்டபத்தின் கதவுகள் எதிரிலேயே திறந்து கிடந்தன. உள்ளே போவோமா என்று சிலர் எழும்பினார்கள். பொறுப்பாசிரியை ஒலிவாங்கியில், விழா வெளியில்தான் நடக்கும், தயவுசெய்து இருங்கள் என்றார். காரணம் சொல்லவில்லை. எல்லோருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழையங்கிகள் கொடுக்கப்பட்டன.

புல்வெளி ஓரம்வரை வானைக் கொண்டுவர எங்களுக்கு அனுமதி தந்திருந்தார்கள். தங்கச்சி அதற்குள் இருந்தாள். அப்பா குடையோடு கதவருகே நின்றார். அம்மாவும் நானும் கடைசி வரிசையில் இருந்தோம். எங்கள் முன்வரிசையில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அன்ரி இருந்தார். அவர் திரும்பி அம்மாவிடம், "இவையளுக்கு விசரே? இவ்வளவு பெரிய ஹோல் இருக்கேக்க எங்களை மழைக்க இருத்தி வச்சிருக்கினம்," என்றார்.

"ஓம், நல்லா நனைஞ்சுதான் போனம்," என்று மட்டும் அம்மா சொன்னார்.

அந்த அன்ரியும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார். அவர்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தங்கச்சி பிறகு இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள் என்பதை மட்டும் அவருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவள் பெயரை வாசித்தார்கள். சக்கர நாற்காலி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தாள். வானிலிருந்து இறங்கி, ஈரப் புல்லில் தனியாக நடந்தாள். முடியில்லாத தலையில் தொப்பி நிற்கவில்லை. அதைக் கையில் வைத்திருந்தாள். அங்கி அவளுக்குப் பெரிதாயிருந்தது. நடுவில் ஒருமுறை நின்றாள். நான் எழும்பப் போனேன், அம்மா என் கையைப் பிடித்து இருத்தினார். பிறகு மறுபடியும் நடந்து மேடையேறினாள். தலைமையாசிரியர் மற்றவர்களுக்குக் கைகொடுத்ததுபோல் கொடுக்காமல், சான்றிதழ்ச் சுருளை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்று தலை குனிந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேரும் எழும்பி நின்றார்கள். அப்போதுதான் அங்கிருந்த பலருக்கு விளங்கியிருக்க வேண்டும். எங்கள் முன்வரிசை அன்ரி திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி அம்மாவின் முழங்காலைப் பிடித்தார்.

விழா முடிந்ததும் அவள் உடனே வானுக்குள் ஏறவில்லை. கோல் கம்பத்தடியில் நின்றுகொண்டு, தூரத்தில் நின்ற சிநேகிதிகளோடு கத்திக் கத்திக் கதைத்தாள். அப்பா குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தார். "கொஞ்ச நேரம் விடுங்கோ, அப்பா," என்று அவள் அதைத் தள்ளினாள். அப்பா குடையை மடக்கிவிட்டு அவளோடு தானும் நனைந்துகொண்டு நின்றார்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சேமித்து வைத்த அணுக்கள் தயாராக இருந்தும் அவற்றை ஏற்றும் நிலையில் அவள் உடம்பு இருக்கவில்லை. அம்மா சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் எதிரெதிரே இருந்த அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்கவுமில்லை. அப்பா ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லியிருந்தால்கூட அம்மாவுக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

கடைசியாகத் தெளிவாகக் கதைத்த நாளில் தங்கச்சி ஒட்சிசன் முகமூடியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள். நானும் அம்மாவும் பக்கத்தில் நின்றோம்.

"அம்மாவோட கோவிக்காதேங்கோ."

"நான் என்னத்துக்குக் கோவிக்கப்போறன்?" என்றார் அப்பா. "வான் ஓட்டினது நான்தானே."

தங்கச்சி கொஞ்சம் மூச்செடுத்தாள். "ஓம். சரியான ஸ்லோவா ஓட்டினீங்க."

அப்பா சிரித்தார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆவணி மாதத்தின் ஒரு காலையில், நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், தங்கச்சியின் மூச்சு நின்றது. சோதனை முடிவுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. எழுதிய இரண்டு பாடங்களிலும் நன்றாகச் சித்தியடைந்திருந்தாள். அப்பாதான் பாடசாலைக்குப் போய் அதை வாங்கி வந்தார்.

அந்தக் கிருமி அவளுடைய சொந்தக் குடலிலிருந்து வந்தது என்று வைத்தியர் எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார். எதிர்ப்புச் சக்தியில்லாத உடம்பில், வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்றார். அம்மா உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். அம்மா அந்தக் கடைசி வசனத்தை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுவந்தார். இன்றுவரை அதோடுதான் இருக்கிறார். அடக்கத்தன்று பங்கு மண்டபத்தில் தேநீர் கொடுக்கும்போது, "ஒரு தொப்பிக்காகப் பிள்ளையைக் குடுத்திட்டினம்," என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அதன்பின் அவர் பாடகர் குழுவுக்குப் போகவில்லை; பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு முதல் ஆளாக வந்துவிடுகிறார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். அவளை யாரும் விடவில்லை. அவளே முடிவெடுத்தாள்; அம்மா அவள் பக்கம் நின்றார், அப்பா கூட்டிக்கொண்டு போனார். போகாதிருந்தால் இன்று இருப்பாளா என்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தயவுசெய்து அம்மாவை இனி அதைக் கேட்காதீர்கள். வீட்டுக்கு வாருங்கள். அவளைப் பற்றி வேறு எதையாவது கேளுங்கள். பூனைக் கதையைக் கேட்டாலும் சொல்வார் என்று நினைக்கிறேன்.

நோயின் நாட்களில் சமைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களுக்கும், தங்கள் இரத்தத்தைக் கொடுத்தவர்களுக்கும், பெயர்கூட எங்களுக்குத் தெரியாமல் அவளைப் பராமரித்த தாதியருக்கும், ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், மோர்டனிலிருந்து விடிய முதல் ரயிலில் வந்து அம்மாவுக்குத் துணையிருந்த சித்திக்கும், அடக்கத்தன்று பாடசாலைச் சீருடையோடு வந்து பெட்டியைச் சுமந்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பொறுப்பாசிரியைக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். அவருக்கும் இந்த ஆண்டு கனமாகவே இருந்தது என்று அறிகிறோம். ஆண்டு நினைவுத் திருப்பலியில் எங்களோடு சேர்ந்து செபிக்க வருவோர் எல்லோரையும் அன்போடு எதிர்பார்க்கிறோம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மாடியில் இருந்தார். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

"போனது சரியோ பிழையோ எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆனா அவள் நடந்ததை நான் கண்டனான். அதையும் எழுது."