கிடர்பூர் பஸ்ஸும் அத்தையின் இடுப்பும்

இரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை யாரும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போவதில்லை. என்னைத் தூக்கினார்கள். அதுவும் கல்கத்தாவின் நடுரோட்டில், ஒரு காலில் பலமில்லாத என் அத்தை தூக்கினாள். எனக்கு நோய் நொடி ஒன்றும் கிடையாது. நன்றாகத் தின்று கொழுத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டாக்குரியாவில் குடியிருந்தோம். திருநெல்வேலிக்காரரான அப்பா மாற்றல் மேல் மாற்றலாகி வந்து, அங்கே அரசாங்க பஸ் ஆபீஸில் கணக்கு அதிகாரியாக இருந்தார். அத்தை அவருடைய தங்கை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவள் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. ஊரில் அவளை வாசலைத் தாண்ட விடவில்லை. அப்பாதான் அழைத்து வந்து, துறைமுகத்தில் வேலை பார்க்கும் தமிழர்களின் பிள்ளைகளுக்காகக் கிடர்பூரில் நடந்த சின்னப் பள்ளியில் டீச்சராகச் சேர்த்துவிட்டார்.

எங்கள் தெருமுனையிலிருந்து கிடர்பூருக்கு ஓர் அரசாங்க பஸ் புறப்படும். போய்ச் சேருமிடமும் அத்தையின் பள்ளிக்குப் பக்கம்தான். இரண்டு முனையிலும் வண்டி அசையாமல் நிற்கும் என்பதால் அத்தை நிதானமாக ஏறி, நிதானமாக இறங்குவாள். நாலு சக்கரமும் ஒன்றரைக் காலும் சேர்ந்து தன்னை வேலைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி அவளே சிரிப்பாள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த ஒரு வங்காளி அம்மாளுக்கு. முழங்கால் வலிக்காரி. நான் அவளை வங்காளியில் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். அத்தையை வழியனுப்பப் போகும்போதெல்லாம் முந்தானை முடிச்சை அவிழ்த்து எனக்கு ஒரு மிட்டாய் தருவாள்.

அந்த வருடம் அப்பாவுக்குத் திடீரென்று என்னவோ ஆகிவிட்டது. தனியார் பஸ்ஸை எமன் வண்டி என்று ஏசுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையையும் என்னையும் அதே எமன் வண்டிகளில் ஏற்றி இறக்க ஆரம்பித்தார். அவை நிற்பதில்லை, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இறங்கும்போது இடது காலை முன்னால் வைக்க வேண்டும், தவறினால் குப்புற விழ வேண்டியதுதான். கண்டக்டர்களே அதைச் சொல்லிச் சொல்லி இறக்குவார்கள். அத்தைக்கு நம்ப முடியாத கால் அதுதான். ஒரு ஞாயிறு கரியாஹாட் நிறுத்தத்தில் விழுந்தாள். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது.

"நமக்குத்தான் நம்ம பஸ் இருக்கே அண்ணே, எதுக்கு இந்த சர்க்கஸ்?" என்றாள், புடவையைத் தட்டிக்கொண்டே.

வேறு வழியும் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் அப்பா சொன்னார். அவர் பார்வை எதிர்ப்பக்கம் இருந்தது. அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். கண்டக்டர் வண்டியின் தகரத்தைப் பட்டென்று தட்டி, "ஆஸ்தே லேடீஸ், கோலே பச்சா" என்று கத்தினார். மெதுவாகப் போ, பெண் ஏறுகிறாள், இடுப்பில் குழந்தை என்று டிரைவருக்குச் சேதி. அந்த எமன் வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது.

அடுத்த ஞாயிறு அப்பா என்னைத் தூக்கி அத்தையின் வலது இடுப்பில் வைத்தார். விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு என்னைப் பிடித்திருக்க வேண்டும், பஸ் நின்றதும் இறக்கிவிட்டு இருவரும் ஏறிக்கொள்ள வேண்டும், இறங்கும் இடம் வரும்போது மறுபடி தூக்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். என் கால்கள் அத்தையின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. தெருப் பையன்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு உயிரே போயிற்று.

அதோடு விட்டாரா? பள்ளி திறக்கும் சமயத்தில், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த நல்ல கான்வென்டிலிருந்து என்னை நிறுத்தி, அத்தையின் பள்ளியில் சேர்த்துவிட்டார். கான்வென்டில் அது யார் யார் காலிலோ விழுந்து வாங்கிய இடம். அம்மா ஏன் என்று கேட்டாள். பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டாமா என்றார் அப்பா. அதுவரை அவருக்கு அந்தக் கவலை இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. நான் செய்த எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று யோசித்து யோசித்து அழுதேன்.

புதுப் பள்ளியின் முதல் நாள், புது யூனிபாரத்தில், அத்தையோடு தெருமுனைக்குப் போனேன். பஸ் இல்லை. யாரும் பதறவில்லை. கல்கத்தாவில் பஸ் வரவில்லை என்றால் பந்த், இல்லாவிட்டால் ஊர்வலம். இன்று எந்தக் கட்சியுடையது என்று ஆண்கள் தர்க்கம் செய்தார்கள். எனக்குப் பரம சந்தோஷம். பந்த் என்றால் லீவு, ரோட்டில் கிரிக்கெட். ஆனால் பிரதான சாலையில் எமன் வண்டிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஓர் ஆள் ஏணியோடு வந்தார். டைம் கீப்பர் அறையின் மேலிருந்த கிடர்பூர் பலகையைக் கழற்றினார். கேட்டதற்கு, இந்த பஸ் இனி கிடையாது என்றார். டீசலுக்குப் பணமில்லை, டயருக்குப் பணமில்லை, ஊர் முழுக்க இப்படிப் பல ரூட்டுகளை நிறுத்திவிட்டார்கள், மேலிடத்து உத்தரவு. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாஷி அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஒரு நாள் வராமல் போகும் என்று தெரியும். பஸ்ஸே இல்லாமல் போகும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அத்தையின் முகம் வெளுத்திருந்தது. வெறும் இடத்தைப் பார்த்தவள், மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் யூனிபாரத்தைப் பார்த்தாள்.

"உங்கப்பாவுக்கு இது முன்னாடியே தெரியுமாட்டி?"

எனக்கென்ன தெரியும்? விழித்தேன். அத்தை என் கையை இறுகப் பிடித்துப் பிரதான சாலைக்கு நடந்தாள். கம்பத்தில் சாய்ந்து என்னைத் தூக்கினாள். வந்த கண்டக்டர் என்னையும் என் நீளமான கால்களையும் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்து போனது. ஆனாலும் தகரத்தைத் தட்டி, கோலே பச்சா என்று கத்தினார். வண்டி நின்றது. ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். மாஷி தெருமுனையில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை கேட்டாள். அவர் மறைக்கவில்லை. எந்தெந்த ரூட்டை நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்ததே தான்தான் என்றார். அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பஸ்ஸைப் பறித்த கை எங்கள் வீட்டிலேயே இருந்தது.

"உன் ரூட்டை மட்டும் நிறுத்தாம விட்டுட்டா மத்தவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? அதான் உனக்கு வேற வழி பண்ணினேன்" என்றார் அப்பா.

அத்தை என் தலையில் கை வைத்தாள்.

"அந்த ஆயாம்மாவுக்கு இடுப்புல வச்சுக்க இப்படி ஒரு பிள்ளை இருக்காண்ணே?"

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அதன் பிறகு மாஷியை நான் பார்க்கவே இல்லை. வேலைக்கு எப்படிப் போனாள், போனாளா என்றே தெரியாது. அன்றைக்கு அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. என்னைப்போல் ஒரு பிள்ளை யாருக்குமே இல்லை என்று அத்தை சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். காலையில் பட்ட வெட்கமெல்லாம் மறந்து போயிற்று. நாளைக்கும் என்னைத் தூக்குவாயா என்று அவளிடம் ஆசையாகக் கேட்டேன்.